டென்மார்க்கில் ஒரே ஒரு துறைமுக ஊர்: ஹெல்சிங்கோரா, எஸ்பியரா, ஸ்கேயனா?

போன மாதம் அக்கா போன் செய்தாள். ஆகஸ்டில் அத்தானும் அவளும் பிள்ளைகளுமாகக் கோபன்ஹேகன் வருகிறார்கள். மொத்தம் ஆறு நாள். "சிட்டிக்கு நாலு நாள் போதும்டா. மீதி நாள்ல ஒரு துறைமுக ஊரைக் காட்டு. ஒண்ணே ஒண்ணு. நாலு இடத்துக்கு ஓட வைக்காதே" என்றாள்.

ஒன்றே ஒன்று என்பதில்தான் சிக்கல். இந்த நாட்டில் எந்த மூலையில் நின்றாலும் கடல் 52 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்காது. ஆற்றங்கரையில் நம் ஊர்கள் வரிசையாக இருப்பதுபோல இங்கே கடற்கரையில் துறைமுக ஊர்கள். ஆர்ஹுஸ் இருக்கிறது, ஆனால் அது இப்போது பெருநகரம். ட்ராகோர் விமானநிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அழகான மஞ்சள் வீட்டுக் கிராமம், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரீபெ ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். இன்று போனால் ஆறும் தேவாலயமும்தான், கப்பலைத் தேட வேண்டும். கழித்துக் கழித்து என் கையில் மூன்று பெயர்கள் மிஞ்சின: ஹெல்சிங்கோர், எஸ்பியர், ஸ்கேயன். மூன்றுக்கும் ஒரு முறைக்கு மேல் போயிருக்கிறேன். மூன்றும் ஒரே கடலோர நாட்டின் ஊர்கள் என்றாலும் கடலோடு அவை வைத்திருக்கும் உறவு அடியோடு வேறு. எதைத் தேர்வு செய்வது என்பது அந்த உறவில் எது உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் எல்லோரும் சொல்வது ஹெல்சிங்கோர். காரணம் எளிது. கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வழி நெடுக வலது பக்கம் அவ்வப்போது கடல் எட்டிப் பார்க்கும். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் குரோன்போர்க் கோட்டை கண்ணில் படும். ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டின் கதையை வைத்த எல்சினோர் இந்த ஊர்தான், அதனால் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் இந்த ஊரை ஹாம்லெட்டுக்காகப் பார்ப்பது நுனியைக் கடித்துவிட்டுக் கரும்பைத் தூக்கிப் போடுவது மாதிரி. ஊரின் உண்மையான கதை ஒரு சுங்கச்சாவடியின் கதை.

டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள ஊரசுண்ட் நீரிணை ஹெல்சிங்கோரில்தான் மிகவும் குறுகுகிறது. அகலம் சுமார் 4 கிலோமீட்டர். பால்டிக் கடலிலிருந்து தானியம், மரம், தார், சணல், இரும்பு ஏற்றிக்கொண்டு மேற்கே போகும் கப்பலும், மேற்கிலிருந்து உப்பும் துணியும் மதுவும் கொண்டு வரும் கப்பலும் பெரும்பாலும் இந்தக் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் இரு கரையும் டென்மார்க்குடையது. 1420களில் பொமரேனியாவின் எரிக் என்ற மன்னர் இங்கே ஒரு கோட்டை கட்டினார், 1426ல் ஊருக்கு நகர உரிமை கொடுத்தார், 1429 முதல் கடந்து போகும் ஒவ்வொரு கப்பலும் நின்று சுங்கம் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சுங்கம் 1857 வரை நீடித்தது. நானூறு ஆண்டுகளுக்கும் மேல்!

முதலில் கப்பலுக்கு இவ்வளவு என்று பொற்காசு. பிறகு 16ஆம் நூற்றாண்டில் சரக்கின் அளவையும் மதிப்பையும் பார்த்து வாங்கத் தொடங்கினார்கள். சரி, சரக்கின் மதிப்பை யார் சொல்வது? கப்பல் தலைவனே சொல்லலாம். அப்படியானால் குறைத்துத்தானே சொல்வான்? அதற்கு அவர்கள் வைத்திருந்த விதிதான் அருமை. தலைவன் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் மொத்தச் சரக்கும் அடிமாட்டு விலைக்குக் கைவிட்டுப் போகும். கூட்டிச் சொன்னால் சுங்கம் ஏறும். மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமலே உண்மையை வரவழைத்துவிட்டார்கள்.

என் அப்பா நாகப்பட்டினத்தில் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் அவரைக் கோட்டையின் கடல்பக்கக் கொத்தளத்துக்குக் கூட்டிப் போனேன். பீரங்கிகள் வரிசையாக சுவீடனைப் பார்த்து நிற்கின்றன. எதிர்க்கரையில் ஹெல்சிங்போர்க்கின் வீடுகளைக் கண்ணாலேயே எண்ணலாம் போலிருக்கும். அப்பா பீரங்கியின் இரும்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பொய்க் கணக்கு காட்டினா என்ன பண்ணுவாங்க?" என்பதுதான். விதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூளைக்காரன்டா" என்றார். ஊருக்குப் போய் அவர் தன் பழைய சகாக்களிடம் கோட்டையைப் பற்றிச் சொல்லவில்லை, இந்த விதியைத்தான் சொன்னாராம்.

இந்த வசூலால் மன்னரின் பெட்டி நிரம்பியது. இரண்டாம் ஃப்ரெடரிக் 1574 முதல் 1585 வரை பழைய கோட்டையை இடித்துப் பெருக்கி இன்றுள்ள குரோன்போர்க்காக மாற்றினார். செப்புக் கூரை, கோபுரங்கள், நீளமான நடனக்கூடம். 1629ல் தீப்பிடித்துச் சிற்றாலயம் தவிரப் பெரும்பகுதி எரிந்தது. நான்காம் கிறிஸ்தியான் மீண்டும் கட்டினார். நமக்கு இந்த மன்னர் அந்நியர் இல்லை. அவர் காலத்தில் 1618ல் ஓவெ கெட்டெ என்ற இளம் தளபதியின் கப்பல்கள் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, வட கடலை அடைய இதே நீரிணை வழியாக வடக்கே போயின. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பியது அந்தப் பயணம்தான். எங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடி பேருந்தில் ஒரு மணி நேரம். சின்ன வயதில் அந்தக் கோட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போன கப்பல்கள் கடைசியாகப் பார்த்த சொந்தக் கரைகளில் ஒன்று இது என்று நினைக்கும்போது குரோன்போர்க் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

ஊரும் அந்தச் சுங்கத்தால்தான் வாழ்ந்தது. சுங்கம் கட்ட நங்கூரம் போட்ட கப்பலுக்குத் தண்ணீர் வேண்டும், ரொட்டி வேண்டும், கயிறு வேண்டும், பீர் வேண்டும். காற்று திரும்பும் வரை மாலுமிகள் நாள் கணக்கில் காத்திருப்பார்கள். டச்சுக்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் இங்கே வந்து குடியேறிக் கடை வைத்தார்கள். ஸ்டெங்கெயட, ஸ்ட்ராண்ட்கெயட தெருக்களில் இப்போதும் நிற்கும் பழைய வீடுகள் பலவும் அந்தப் பணத்தில் எழுந்தவை. இசை பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி: இசைமேதை பாக் (Bach) காலத்துக்கு முந்தைய பெரிய ஆர்கன் மேதை பூக்ஸ்டெஹூட 1660 முதல் 1668 வரை இங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தில் வாசித்தவர்.

1857ல் சுங்கம் நின்றது. அமெரிக்கா இனிமேல் கட்ட மாட்டோம் என்று முரண்டு பிடித்ததும் மற்ற நாடுகளும் சேர்ந்துகொண்டன. டென்மார்க்குக்கு 33.5 மில்லியன் ரிக்ஸ்டாலர் (அன்றைய டேனிய நாணயம்) மொத்தமாக ஈடு கொடுத்து வழியைத் திறந்துவிட்டார்கள். ஊருக்கு வேலை போனது. 1882ல் கப்பல் கட்டும் தளம் வந்து மறுபடியும் நிமிர்ந்தது; ஆயிரக்கணக்கானோர் அதில் வேலை செய்தார்கள். 1983ல் அதுவும் மூடப்பட்டது. இன்று தளத்தின் பட்டறைகளில் கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. உலர் கப்பல்துறையாக இருந்த பெரிய பள்ளத்துக்குள் 2013ல் கடல்சார் அருங்காட்சியகம் திறந்தார்கள். கோட்டையின் காட்சி மறையக்கூடாது என்பதால் கட்டடத்தைத் தரைக்கு மேலே எழுப்பவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது. விளிம்புக்கு வந்து குனிந்தால்தான் சுமார் 150 மீட்டர் நீளக் கப்பல் வடிவப் பள்ளமும் அதன் குறுக்கே சாய்ந்து ஓடும் கண்ணாடிப் பாலங்களும் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது கோட்டையைவிட நல்ல இடம் என்பது என் எண்ணம். மழை வந்தாலும் கவலையில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த ஊரைத் தாண்ட மனம் வரவில்லை. 1943 அக்டோபரில் ஜெர்மானியர் டேனிய யூதர்களைப் பிடிக்க முனைந்தபோது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சின்னப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றப்பட்டார்கள். ஹெல்சிங்கோரில் அதைச் செய்த குழு தன்னைத் தையல் கிளப் என்று அழைத்துக்கொண்டது. அதில் ஒரு புத்தகம் கட்டுபவர், ஒரு போலீஸ்காரர், ஒரு பத்திரிகையாளர் இருந்தார்கள். நானூறு ஆண்டுகள் வழிமறித்துப் பணம் வாங்கிய அதே நாலு கிலோமீட்டர் தண்ணீரில் இரவோடு இரவாக மனிதர்களைக் கடக்கவைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஹெல்சிங்கோர் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அது இன்று உழைக்கும் துறைமுகம் இல்லை. சுவீடனுக்கு 20 நிமிடத்தில் போகும் படகுகள் நாள் முழுவதும் வந்து போகின்றன, அது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் சரக்கு, மீன், கிரேன், நனைந்த கயிறு, டீசல் வாசம், அதெல்லாம் போய்விட்டது. துறைமுகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் எதிர்த்திசையில் போக வேண்டும்.

எஸ்பியர், டென்மார்க்கின் பெரிய தீபகற்பமான யூட்லாந்தின் மேற்குக் கரையில். ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். டென்மார்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய சந்து கிடையாது, அரண்மனை கிடையாது, இளவரசன் கதை கிடையாது. தெருக்கள் அளவுகோல் வைத்துக் கிழித்தது மாதிரி நேராகப் போகும். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊருக்கு 1868 ஏப்ரல் 24 என்று பிறந்த தேதியே உண்டு. அன்று நிறைவேறிய ஒரு சட்டத்தால் உருவான ஊர் இது.

கதை 1864ல் தொடங்குகிறது. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் டென்மார்க் ஷ்லேஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் பகுதிகளை இழந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே அடியில் போனது. நிலத்தோடு ஹுசும், டோனிங் போன்ற மேற்குக் கரைத் துறைமுகங்களும் போயின. இங்கிலாந்துக்கு மாடு ஏற்றுமதி செய்ய டேனிய விவசாயிக்கு இருந்த வாசல் அடைந்தது. புது வாசல் வேண்டும். ஃபேனோ தீவின் மறைவில், ஒன்றிரண்டு பண்ணைவீடுகள் மட்டும் இருந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசே துறைமுகம் கட்டியது. 1874ல் ரயில் வந்தது. 1901ல் அந்த மணல்மேட்டில் 13,000 பேருக்கு மேல் வசித்தார்கள். இன்று எழுபதாயிரத்துக்கும் மேல், நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம்.

நேரமும் கூடி வந்தது. அமெரிக்க, ரஷ்யத் தானியம் ஐரோப்பாவில் குவிந்து கோதுமை விலை சரிந்தபோது டேனிய விவசாயி தானியத்தை விற்பதை விட்டு அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போடத் தொடங்கினான். 1882ல் எஸ்பியருக்கு வடக்கே ஹியெடிங் என்ற கிராமத்தில் நாட்டின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. 1887ல் ஜெர்மனி டேனிய உயிர்ப்பன்றிகளைத் தடைசெய்தது; அதனால் அறுத்துப் பதப்படுத்திய பேக்கனாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வெண்ணெயும் பேக்கனும் எஸ்பியர் வழியாக ஆங்கிலேயனின் காலை உணவுத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. போரில் தோற்ற ஒரு சின்ன நாடு, எந்தக் கரையில் இழந்ததோ அதே கரையில் கொஞ்சம் மேலே தள்ளி எழுந்து நின்றது. எனக்கு எஸ்பியரைப் பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான். கோட்டையைவிட இந்தக் கதை எனக்குப் பெரிது.

இங்கிலாந்தின் ஹார்விச்சுக்கு 1880ல் தொடங்கிய கப்பல் சேவை 2014 செப்டம்பரில் நின்றது. இப்போது எஸ்பியரிலிருந்து இங்கிலாந்துக்குப் பயணிகள் கப்பல் கிடையாது. மீன்பிடியும் அப்படியே. 1970களில் இந்தத் துறையில் நூற்றுக்கணக்கான மீன்பிடிக் கப்பல்கள் விளிம்போடு விளிம்பாக நின்றன. அப்போது டென்மார்க்கின் மிகப் பெரிய மீன்துறைமுகம் இதுதான். இன்று அவை அநேகமாக இல்லை. அதற்குள் வட கடலில் எண்ணெய் கிடைத்து, டான் என்ற எண்ணெய் வயலில் 1972ல் உற்பத்தி தொடங்கியது. எண்ணெய்த் தளங்களுக்கு ஆளும் சாமானும் போவது எஸ்பியரிலிருந்து என்றானது. பிறகு காற்று. 2002ல் இந்தக் கரைக்கு அப்பால் ஹோர்ன்ஸ் ரெவ் கடல் காற்றாலை 80 சுழலிகளோடு எழுந்தது. அதன் பிறகு துறைமுகத்தின் முகமே மாறிவிட்டது.

கிழக்குத் துறைப் பக்கம் சாலையோரம் வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தால் போதும். காற்றாலை இறக்கைகள் தரையில் படுக்க வைக்கப்பட்டிருக்கும். நான் போன அன்று ஐந்தாறு கிடந்தன. ஒன்றின் அடியிலிருந்து நுனி வரை வேலியோடு நடந்து காலடியை எண்ணினேன், 110 வந்தது. அடிப்பக்க வட்டத்துக்குள் நம் ஊர் மினிபஸ்ஸை ஓட்டிப் போகலாம். நுனிப்பக்கம் வாள் மாதிரி மெலிந்து, அந்தக் கனத்த பொருள் காற்றில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. பின்னால் கோபுரத் துண்டுகள் நிமிர்ந்து நின்றன, அவற்றின் காலடியில் ஹெல்மெட் போட்ட ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். அத்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கையாளும் வேலையில் இருக்கிறார். அங்கேயும் காற்றாலை இறக்கைகள் ஏற்றுமதியாகின்றன. இரவு நேரத்தில் நீண்ட லாரிகளில் இறக்கை வருவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் இந்த வேலியோரம் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு நகர மாட்டார் என்பது எனக்கு நிச்சயம்.

வேடிக்கை பார்க்க மட்டும்தானா என்றால், இல்லை. ஊருக்கு வடக்கே கடற்கரையில் நான்கு வெள்ளை மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்வென்ட் வீக் ஹான்சன் என்ற சிற்பி வடித்து 1995ல் நிறுவியது. ஒவ்வொன்றும் 9 மீட்டர் உயரம். முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து கடலைப் பார்த்தபடி இருக்கும் அவர்கள் முன்னால் போகும் ஒவ்வொரு கப்பலையும் வழியனுப்புகிறார்கள். பிள்ளைகள் அந்தப் பாதத்தில் ஏறி விளையாடுவார்கள். பக்கத்திலேயே மீன்பிடி, கடல்சார் அருங்காட்சியகம். அங்கே கடல்நாய்களுக்கு உணவு கொடுக்கும் நேரத்துக்குப் போய்விட்டால் பிள்ளைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எஸ்பியருக்குப் போய் ஃபேனோவுக்குப் போகாமல் திரும்பக்கூடாது. படகில் 12 நிமிடம். போகிற வழியில் மணல்திட்டில் கடல்நாய்கள் வெயில் காயும். 1741ல் மன்னர் இந்தத் தீவை ஏலத்துக்கு விட்டபோது தீவுக்காரர்களே பணம் சேர்த்துத் தங்கள் தீவைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள்! கப்பல் கட்டும் உரிமையும் கடலோடும் உரிமையும் அதோடு வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோபன்ஹேகனுக்கு அடுத்தபடியாக அதிகப் பாய்க்கப்பல்கள் இந்தச் சின்னத் தீவுக்குத்தான். தெற்கே சோனர்ஹோ கிராமத்தில் நாணல் கூரை வீடுகள் எல்லாம் கிழக்கு மேற்காக, மேல்காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டைக் காட்டி நிற்கின்றன. சன்னலில் ஜோடி ஜோடியாகப் பீங்கான் நாய்கள். வீட்டுக்காரர் கடலில் இருந்தால் நாய்கள் வெளியே பார்க்கும், வீடு திரும்பினால் உள்ளே பார்க்கும் என்று சொல்வார்கள்.

அப்புறம் சாப்பாடு. இங்கே பக்ஸ்குல் என்று ஒன்று உண்டு. தட்டையான சின்ன மீனை உப்பிட்டு, காயவைத்து, புகையேற்றி, பிறகு வெண்ணெயில் பொரித்துக் கறுப்பு ரை ரொட்டியோடு வைப்பார்கள். முதல் முறை தட்டு வந்து ஆவி முகத்தில் பட்டதும் கை தானாகச் சோற்றைத் தேடியது. கருவாடு! நிறத்திலும் மணத்திலும் நம் வீட்டுக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கத்தி முள்கரண்டி வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைப் பெரியவர் கையால் முள்ளைப் பிரித்துத் தின்பதைப் பார்த்து நானும் கையை வைத்தேன். டென்மார்க்கில் ஆறு வருடமாக இருக்கிறேன், வேறெந்தச் சாப்பாடும் இப்படி என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனதில்லை.

குறை இல்லாமல் இல்லை. காற்று ஓயாது. மழை வந்தால் குறுக்காக வரும். மையத்தில் உள்ள கடைத்தெரு எந்த டேனிய ஊரிலும் இருக்கும் கடைத்தெருதான். அழகைத் தேடி வருகிறவர் முதல் ஒரு மணி நேரத்தில் ஏமாந்துபோவார். இந்த ஊர் தன்னைக் காட்டிக்கொள்ள மெனக்கெடுவதில்லை, வேலையில் இருக்கிறது.

மூன்றாவது ஸ்கேயன். எழுத்தில் பார்த்தால் ஸ்காகென், டேனியர் வாயில் ஸ்கேயன். நாட்டின் வடக்கு முனை. அதற்கு அப்பால் கிரேனன் என்ற மணல் நாக்கு. அதன் நுனியில் ஸ்காகெராக், கட்டெகாட் என்ற இரண்டு கடல்களும் மோதிக்கொள்கின்றன. இரு பக்க அலையும் எதிரெதிராக வந்து அடிப்பதைக் கால் நனைத்தபடி பார்க்கலாம். நீந்தக்கூடாது, இழுவை பொல்லாதது.

இந்த ஊரின் வரலாற்றில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்று. 1413லேயே நகர உரிமை பெற்ற மீனவ ஊருக்குத் துறைமுகம் கட்டப்பட்டது 1907ல்தான். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் படகுகளை மணலில் தோளாலும் கயிறாலும் இழுத்து ஏற்றியே வாழ்ந்திருக்கிறார்கள். நம் கட்டுமரக் கரைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். கடல் ஒரு பக்கம் என்றால் மணல் மறுபக்கம். ஊருக்கு வெளியே புனித லாரன்ஸ் தேவாலயம் மணலில் புதைந்துகொண்டே போக, ஞாயிறுதோறும் வழிபாட்டுக்கு முன் வாசலைத் தோண்டித் திறந்தார்கள். 1795ல் தோற்று, தேவாலயத்தைக் கைவிட்டார்கள். கப்பல்களுக்கு அடையாளமாக வெள்ளைக் கோபுரத்தை மட்டும் விட்டு வைத்தார்கள். இன்றும் மணல்மேட்டுக்கு மேல் அது மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. கப்பல் உடைவதும் இங்கே வாழ்க்கையின் பகுதி. 1862 டிசம்பர் 27 அன்று டாஃப்னெ என்ற சுவீடன் கப்பலைக் காப்பாற்றப் படகில் போன உள்ளூர்க்காரர்களில் எட்டுப் பேர் மூழ்கினார்கள்.

இவ்வளவு கடுமையான இடத்துக்கு 1870கள் முதல் ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். மிக்கேல் ஆங்கர் மீனவர்களை வரைந்தார். இந்த ஊரிலேயே, புரோண்டும் விடுதிக்காரரின் மகளாக 1859ல் பிறந்த அன்னா ஆங்கர் வீட்டுக்குள் விழும் வெயிலை வரைந்தார். குரோயர் மாலை நேரக் கடற்கரையின் நீலத்தை வரைந்தார். அவர்கள் வரைந்தது துறைமுகம் வருவதற்கு முந்தைய ஸ்கேயன். 1908ல் நிறுவப்பட்ட ஸ்கேயன் அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அதே வெளிச்சம் மஞ்சள் சுவர்களில் விழுந்து கிடக்கும். துறைமுகத்தில் பிண்டெஸ்பொல் வடிவமைத்த சிவப்பு மீன்கிடங்குகள், இன்று பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைகள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் பெரிய மீன்பிடிக் கப்பல்கள் மத்தி மாதிரியான ஹெர்ரிங்கும் கானாங்கெளுத்தியுமாக டன் கணக்கில் இறக்குகின்றன. இப்போது நாட்டில் மீன் அதிகம் வந்து இறங்கும் துறை இதுதான்.

அப்படியானால் ஸ்கேயனே போதுமே என்று தோன்றும். தூரம்தான் தடை. கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரத்துக்கும் மேல். காலையில் போய் மாலையில் திரும்புவது வெட்டி வேலை. அந்த மாலை வெளிச்சத்துக்காகத்தானே போவது? ஓர் இரவாவது தங்க வேண்டும். ஜூலையில் இடம் கிடைப்பது பாடு, கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். ஆகஸ்ட் இறுதி பரவாயில்லை. கையில் மூன்று நாள் இருக்கிற, பிள்ளைகள் இல்லாத ஜோடிக்கு நான் யோசிக்காமல் ஸ்கேயன் சொல்வேன்.

கையில் அரை நாள்தான், அல்லது வயதானவர் கூட இருக்கிறார் என்றால் ஹெல்சிங்கோர், வேறு பேச்சில்லை. நடை குறைவு, கழிப்பறை பக்கத்தில், மழை வந்தால் ஒதுங்க இடம், திரும்ப ரயில் அடிக்கடி. அப்பாவை அங்கே கூட்டிப் போனது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அக்காவுக்கு நான் எஸ்பியர் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கடல்நாய், அத்தானுக்கு இறக்கைகள், அவளுக்குக் கருவாடு. அதையெல்லாம்விட, ஒரு துறைமுகம் எதற்காக இருக்கிறது என்பதை இந்த மூன்றில் அதுதான் இன்னும் தினமும் செய்து காட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா முதலில் தயங்கினாள். "கோட்டை இருக்கிற ஊர விட்டுட்டு காத்தடிக்கிற ஊருக்கா?" என்று கேட்டாள். 1864ஐச் சொன்னேன், தீவுக்காரர்கள் தங்கள் தீவையே ஏலத்தில் எடுத்த கதையைச் சொன்னேன். போனை அத்தான் வாங்கினார். "தம்பி, ப்ளேடு எத்தனை மீட்டர்னு சொன்ன?" என்றார்.

முதல் நாள் காலை ஏழரை மணி வாக்கில் கோபன்ஹேகனில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு எஸ்பியர். அன்று துறைமுகமும் வெள்ளை மனிதர்களும். வெள்ளை மனிதர்களை மாலையில் பார்ப்பது நல்லது, சூரியன் அவர்கள் முகத்துக்கு நேரே இறங்கும். இரவு ஊரிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை முதல் வேலையாக ஃபேனோ. நார்ட்பியில் படகை விட்டு இறங்கினால் சோனர்ஹோவுக்குப் பேருந்து இருக்கிறது. மதியம் பக்ஸ்குல், பிறகு திரும்பும் ரயில். ஆளுக்கொரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது.